கோடுகளால் ஓர் இசைக்கருவி

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயில் மணி ஒலிக்கிறது. அதே ஊரில் பால்கோவா கிண்டும் கரண்டி வாணலியில் உரசுகிறது. இவ்விரு ஒலிகளையும் பதிவு செய்து, சுருதியை மாற்றியும் ஒன்றோடொன்று கலந்தும் மேடையில் நேரடியாக வாசிக்க முடியுமா? முடியும். ஒரு கணிப்பொறியும் ஒலிவாங்கியும் பள்ளியில் படித்த கணக்கும் இருந்தால் போதும்.

வடத்திலிருந்து கோட்டுக்கு

1969-ஆம் ஆண்டு ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ‘மூக்’ என்னும் மின்னணு இசைக்கருவியை அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அமைத்தார். அதில் ஒரு பகுதி ஒலியை உண்டாக்கும்; மற்றொன்று அதனை வடிகட்டும்; வேறொன்று உரப்பை மாற்றும். பகுதிகளை மின்வடங்கள் இணைத்தன. வடத்தை இடம் மாற்றினால் பிறக்கும் ஒலியும் மாறும்.

இக்கருத்தே பின்னர் கணிப்பொறித் திரைக்கு வந்தது. 1980-களில் பாரிஸ் நகரின் இர்காம் ஆய்வு நிலையத்தில் மில்லர் பக்கெட் ‘மாக்ஸ்’ என்னும் நிரலை உருவாக்கினார். 1990-களில் அவரே ‘பியூர் டேட்டா’வை அளித்தார். இது விலையின்றிக் கிடைக்கிறது. இதில் நீண்ட கட்டளைகளை எழுத வேண்டியதில்லை. திரையில் பெட்டிகளை வைத்துக் கோடுகளால் இணைக்கிறோம். ஒலி செல்லும் பாதை கண்ணுக்குத் தெரிகிறது.

ஒலி எண்ணாகிறது

கணிப்பொறி ஒலியின் வீச்சை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குகிறது. ஆகவே நான்கு நொடி மணியோசை 1,76,400 எண்கள் கொண்ட ஓர் அட்டவணை ஆகும். கரண்டியோசைக்கு மற்றோர் அட்டவணை.

அடுத்து, அட்டவணையைப் படிக்கும் பெட்டி. பதிந்த வேகத்திலேயே படித்தால் பதிந்த ஒலி கேட்கும். ஒன்றரை மடங்கு வேகத்தில் படித்தால் ஸட்ஜம் பஞ்சமமாக உயரும். நான்கு நொடி ஓசை ஏறத்தாழ 2.7 நொடியில் முடிந்துவிடும். இரு எண்களுக்கு இடையே விழும் மதிப்பை அண்டை எண்களைக் கொண்டு பெட்டியே கணித்துக்கொள்ளும்.

கலக்கும் கணக்கு

இரு ஒலிகளையும் பாதி பாதியாகக் கலந்தால் சரியாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஒலியின் ஆற்றல் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.5-இன் வர்க்கம் 0.25, இரண்டும் சேர்ந்து 0.5 தான். எனவே நடுவில் ஓசை தாழ்ந்துவிடும்.

இங்கே கோணவியல் கைகொடுக்கிறது. கலக்கும் குமிழை 0 முதல் 90 பாகை வரை திரும்பும் கோணமாகக் கொள்வோம். மணியோசையை அக்கோணத்தின் கொசைனாலும், கரண்டியோசையைச் சைனாலும் பெருக்குவோம். இவற்றின் வர்க்கங்களின் கூடுதல் எப்போதும் 1 அல்லவா? 45 பாகையில் இரண்டும் 0.707. ஆற்றல் குறைவதில்லை.

எனினும் இரு வீச்சுகளும் ஒரே கணத்தில் உச்சத்தை அடைந்தால் மொத்தம் 1.414 ஆகும். கணிப்பொறி 1-க்கு மேற்பட்டதை வெட்டிவிடும், ஒலி கரகரக்கும். ஆகவே, வெளியே அனுப்பும் முன் 0.7-ஆல் பெருக்க வேண்டும். ஒலியைத் திடீரென நிறுத்தினால் ‘டொக்’ என்னும் ஓசை எழும். உரப்பை 10 மில்லிநொடியில் படிப்படியாகக் குறைத்தால் அது மறையும். ஒலிவாங்கி திறந்திருக்கும்போது காதொலிப்பானைப் பயன்படுத்துங்கள். இல்லையேல் ஒலிபெருக்கியின் ஓசை திரும்பத் திரும்ப உள்ளே புகுந்து ஊளையிடும்.

நாமே ஏன் செய்ய வேண்டும்?

கடையில் வாங்கும் விசைப்பலகை பொதுவாக ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரிக்கிறது. ஸட்ஜம் 240 அதிர்வெண் என்றால் அதன் அந்தர காந்தாரம் ஏறக்குறைய 302.4. தம்புராவோடு இயல்பாக இணையும் 5/4 விகிதக் காந்தாரமோ 300. இரண்டையும் சேர்த்து ஒலித்தால் நொடிக்கு இரண்டுக்கு மேற்பட்ட விம்மல்கள் எழும். தேர்ந்த காது இதனை உடனே உணரும்.

நாம் கட்டிய கருவியில் 1.26 என்பதை அழித்து 1.25 என எழுதினால் போதும், காந்தாரம் சேர்ந்துவிடும். பிறர் செய்த கருவியில் ஸ்வரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிறரே முடிவு செய்கிறார்கள். பெட்டிகளை நாமே கோடிட்டு இணைத்தால் அந்த முடிவு நம் காதிடம் வந்து சேர்கிறது. முதலில் இரண்டே ஒலிகளுடன் தொடங்கிப் பாருங்கள்.