தாலி கட்டும் நேரத்தில் நின்ற படம்!

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் நெல்லை அன்பர் ஒருவரின் வீடு. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அறைகள். மூன்றிலும் டி.வி. உண்டு. மேல் அறையில் படுத்திருப்பவர் அவருடைய தாயார். இடுப்பு எலும்பு முறிந்ததால் ஊரில் நடந்த பேத்தி கல்யாணத்துக்கு அவரால் போக முடியவில்லை. வீடியோவையாவது பார்க்கலாம் என்றால், தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றுவிடும்.

"என்னலே, மறுபடியும் நின்னுட்டு?"

மகன் ஏணியில் ஏறி இறங்கியே சலித்துப் போனார். புது டி.வி. வாங்கவும் துணிந்துவிட்டார். நல்ல வேளை, வாங்கவில்லை.

கோளாறு டி.வி.யில் இல்லை. அங்கே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வீட்டுக்கு வீடு வைஃபை. பெரும்பாலோர் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றே. மாலை நேரக் கூட்டத்துக்கு மூன்று டிக்கெட் கவுண்டர் திறந்து வைத்தால் என்ன ஆகும்? என் பிழைப்பே அதுதான், எனக்குத் தெரியும்!

பரிகாரம் கம்பிதான். கீழே இருக்கும் ரவுட்டர் அருகே, 'சுவிட்ச்' எனப்படும் சிறு பெட்டி (விளக்குக்குப் போடுவது அல்ல). அதிலிருந்து டி.வி.க்கு ஒன்றாக மூன்று லேன் கேபிள்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் கல்யாண வீடியோவை ஏற்றி, 'ஜெல்லிஃபின்' என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதையும் அதே பெட்டியில் இணைத்தார்கள். இனி இன்டர்நெட் அறுந்தாலும் வீட்டுக்குள் படம் ஓடும்.

1980-களில் மும்பைக் கட்டிடங்களில் ஒரு வீட்டு வீடியோ பிளேயரிலிருந்து பல வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். அவர் போட்ட படத்தைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. கீழே பிள்ளைகளுக்குக் கார்ட்டூன், மேலே பாட்டிக்குக் கல்யாணம்.

பல டி.வி.களின் கேபிள் துளை விநாடிக்கு 100 மெகாபிட் வேகம்தான் தாங்கும். முழு எச்.டி. படத்துக்குப் பொதுவாக 10 போதும் என்பதால் கவலை வேண்டாம். கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. செம்பு பூசிய அலுமினியக் கம்பியைச் செம்பு என்று விற்பவர்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள். மின்சார வயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்க எலக்ட்ரீஷியன் முனைந்தால் தடுத்துவிடுங்கள்; அது ஆபத்து. வாடகை வீடானால் சுவரில் துளை போடுமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை.

நான் போன அன்று தாயார் தாலி கட்டும் காட்சியை நான்காம் முறையாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.