நடையா, மூளையா: எது முந்தியது?

மனிதனை மனிதனாக்கியது எது? மூளைதான் என்பார்கள் பெரும்பாலோர். நூறாண்டுகளுக்கு முன் அறிவியலாளர் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். முதலில் மூளை பெருத்தது, பிறகே நம் முன்னோர் நிமிர்ந்து நடந்தார்கள் என்பது அவர்கள் கணக்கு. 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட பெரிய மண்டையோடும் குரங்குச் சாயல் தாடையும் அந்த நம்பிக்கைக்குத் தோள் கொடுத்தன.

1924இல் தென்னாப்பிரிக்காவின் டவுங் சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைத்த ஒரு குழந்தையின் மண்டையோடு, உடற்கூறியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட்டின் கைக்கு வந்தது. மூளை சிறியது. ஆனால் தண்டுவடம் நுழையும் துளை மண்டையோட்டின் அடிப்பக்கம் இருந்தது. நாலுகாலில் நடக்கும் விலங்குகளுக்கு அது பின்னால் தள்ளி இருக்கும். முதுகெலும்பின் உச்சியில் தலையை நேராகத் தாங்கும் உயிருக்குத்தான் அடியில் அமையும். ஆகவே இது நிமிர்ந்து நடந்த இனம் என்றார் டார்ட். பலர் அதைக் குரங்குக்குட்டி என்று ஒதுக்கினார்கள். ஆனால் 1953இல் பில்ட்டவுன் எலும்புகள் திட்டமிட்ட மோசடி என்பது அம்பலமானது.

1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் டொனால்ட் ஜோஹான்சன் குழுவினர் ‘லூசி’ என்ற பெண்ணின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். ஏறக்குறைய 40 விழுக்காடு எலும்புக்கூடு; உயரம் ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகம். அவளது தொடையெலும்பு இடுப்பிலிருந்து முழங்காலை நோக்கி உட்புறமாகச் சாய்ந்திருக்கிறது. அதனால் ஒரு காலைத் தூக்கும்போதும் உடல் பாரம் மறு கால் மேல் நிலையாக நிற்கும். சிம்பன்சிக்கு இந்தச் சாய்வு இல்லை. இரண்டு காலில் நடந்தால் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே போகும். லூசியின் இடுப்பெலும்பும் நம்முடையதைப் போலக் குட்டையாக, அகலமாக இருக்கிறது. அவள் இனத்தாரின் மூளையோ நம் மூளையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.

அவள் வாழ்ந்தது 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன். இவ்வளவு பழைய எலும்புக்குக் கார்பன் முறை உதவாது. அதன் எல்லை சுமார் 50,000 ஆண்டுகள். எனவே எலும்பை விட்டுவிட்டு, அதை ஒட்டிய எரிமலைச் சாம்பல் அடுக்கின் வயதைக் கணக்கிடுகிறார்கள். எரிமலை வெடிக்கும்போது குழம்பிலுள்ள ஆர்கான் வாயு வெளியேறிவிடும். குழம்பு இறுகிய பிறகு, அதிலுள்ள கதிரியக்கப் பொட்டாசியம் சீரான வேகத்தில் சிதைந்து புதிதாக ஆர்கானை உண்டாக்கும். சேர்ந்திருக்கும் ஆர்கானை அளந்தால் சாம்பல் விழுந்த காலம் தெரிந்துவிடும்.

தான்சானியாவின் லேட்டோலியில் மேரி லீக்கி குழுவினர் 1978இல் கண்ட காலடித் தடங்கள் நிமிர்ந்த நடை இவ்வளவு பழையது என்பதை உறுதி செய்தன. ஈரமான எரிமலைச் சாம்பலில் பதிந்து இறுகிய அவற்றின் வயது சுமார் 36 லட்சம் ஆண்டுகள். கட்டைவிரல் குரங்குக்குப் போல விலகி நிற்கவில்லை. மற்ற விரல்களோடு ஒட்டி முன்னோக்கி இருக்கிறது.

நம் முன்னோர் வழியில் மூளை கணிசமாகப் பெருக்கத் தொடங்கியது சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது, சிறிய மூளையோடு குறைந்தது 15 லட்சம் ஆண்டுகள் நடந்த பிறகு.