ஒப்புவிப்பது வேறு, எண்ணுவது வேறு

ஆய்வின் பொருட்டு நெசவாளர் இல்லங்களுக்குச் செல்லும் ஒருவன் காண்பவை யாவும் அறிக்கையில் ஏறுவதில்லை. அவ்வாறு ஏறாத ஒன்றை அங்கத்தினர்களின் கவனத்துக்கு இங்கே வைக்க விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அங்கத்தினர் வீட்டில் நூல் இருப்பைச் சரிபார்க்க அமர்ந்திருந்தேன். அவர் தம் நான்கு வயது மகளை அழைத்து, "ஐயாவுக்கு எண்ணிக் காட்டம்மா" என்றார். குழந்தை ஒன்று முதல் ஐம்பது வரை தடையின்றிச் சொன்னாள். "கூடையிலிருந்து ஏழு தார் எடுத்து வா, கண்ணு" என்றேன். இரு கைகளும் கொண்ட மட்டும் அள்ளி வந்தாள். எண்ணினால் பதினொன்று இருந்தன. தந்தையின் முகம் வாடிற்று.

பிறகு நூலைப் பார்த்தோம். பாஸ் புத்தகத்தில் 20 சிட்டம் பெற்றதாக அவர் கையொப்பம் இருந்தது. இன்னும் பிரிக்காத அந்தக் கட்டில் இருந்தவையோ 18. "வாங்கும்போது எண்ணவில்லையா?" என்று கேட்டேன். "இருபது என்று சொன்னார்கள் ஐயா, வாங்கிக்கொண்டேன்" என்றார். குறைவை அறிக்கையில் எழுதினேன். சங்கமும் ஈடு செய்தது. ஆனால் அதற்கு முன் எண்ணாமலே கையொப்பமிட்ட மாதங்களுக்கு யார் கணக்குச் சொல்வது? மகளும் தந்தையும் செய்த பிழை ஒன்றே: எண்ணின் பெயர் இருந்தது, பொருளை யாரும் எண்ணவில்லை.

எண்ணுதல் என்பது யாது? ஜெல்மன், கேலிஸ்டல் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இருவர் 1978இல் வெளியிட்ட நூலில் இதனைப் பகுத்துக் காட்டினர். எண்களின் வரிசை மாறலாகாது. ஒரு பொருளுக்கு ஓர் எண்ணே உரியது. கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகை. முதலாவது மனப்பாடத்தால் வரும். மற்ற இரண்டும் கையால் தொட்டுப் பழகினாலன்றி வாரா. கடைசி எண்ணே தொகை என்னும் தெளிவு பெரும்பாலான குழந்தைகளுக்குச் சுமார் நான்கு வயதில்தான் பிறக்கிறது. ஆகவே ஏழு கேட்டதற்குப் பதினொன்று கொணர்ந்த குழந்தையை மந்தமென்று கடிந்துகொள்ளுதல் தகாது.

இதனைக் கற்பிக்கப் பொருட்செலவு வேண்டுவதில்லை. தார் சுற்றும் தாய், "மூன்று தார் கொடு" என்று கேட்கலாம். உண்ணும் வேளையில் ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொல்லலாம். உழவர் வீட்டில் நிலக்கடலையும் புளியங்கொட்டையும் போதும். குழிக்கு ஒரு காயாக இட்டுச் செல்லும் பல்லாங்குழி, ஒன்றுக்கு ஒன்று என்னும் பாடத்தை விளையாட்டாகவே புகட்டுகிறது. ஐந்து கொட்டைகளை நெருக்கி வைத்துப் பின் அகல வைத்தால், 'இப்போது அதிகம்' என்று சிறு குழந்தை கூறும். ஜெனீவாவில் ஆராய்ந்த பியாஜே என்னும் அறிஞர் 1941லேயே இதனை விளக்கியுள்ளார். மறுத்துரைக்க வேண்டா, மீண்டும் எண்ணச் செய்வதே போதும்.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையில் ஒரு பெட்டி உண்டு. சுழியம் முதல் ஒன்பது வரை பத்து அறைகள். அவற்றில் இடுவதற்கு 45 மரக் கதிர்கள். சுழியத்தின் அறை வெறுமையாகவே இருக்கும். இறுதியில் ஒரு கதிர் மிஞ்சினாலோ குறைந்தாலோ, எங்கோ தவறியதென்று குழந்தை தானே உணரும். நம் வீட்டுத் தார்களைக் கொண்டும் தரையில் கட்டம் கீறி இதனைச் செய்யலாம்.

வடிவங்களைப் பொறுத்தவரை நெசவாளர் வீடே பள்ளிக்கூடம். லுங்கியின் கட்டத்தில் சதுரமும் நீள்சதுரமும் உள்ளன. சேலையின் கோபுரக் கரையில் முக்கோணம் உள்ளது. ஆனால் கோபுரத்தைத் தலைகீழாகத் திருப்பினால், 'இது முக்கோணமன்று' என்பது குழந்தையின் இயல்பு. விரலால் ஓரத்தைத் தடவி, பக்கம் மூன்று, மூலை மூன்று என்று எண்ணச் செய்யுங்கள். எப்படித் திருப்பினும் மூன்று மாறாதென்று அறியும்போது, வடிவமும் எண்ணும் ஒருங்கே விளங்கும்.

தமிழக அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளுக்கெனத் தொடங்கியது. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகள் நம் வீட்டுப் பொறுப்பே. எண்ணத் தெரிந்த அங்கத்தினரே சங்கத்துக்குச் சிறந்த தணிக்கையாளர் என்பதில் ஐயமில்லை.

மறு ஆண்டு அவ்வீட்டுக்குச் சென்றேன். குழந்தை ஒவ்வொரு தாராகத் தொட்டு எண்ணி, ஏழு கொணர்ந்தாள். தந்தையோ இப்போது சங்கத்திலேயே கட்டைப் பிரித்து எண்ணுகிறாராம். பின்னால் நிற்போர் முணுமுணுக்கிறார்களாம். முணுமுணுக்கட்டும். அவர்களும் விரைவில் எண்ணத் தொடங்குவார்கள்.