பழைய பட்டியலில் நம் பாட்டன் பாட்டி

2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களை இணையத்தில் தேடினோம். நம் பெயரோ பெற்றோர் பெயரோ அதில் உண்டா என்று படிவம் கேட்டது. வாக்குரிமைக்காகத் தேடிய பலர் மறைந்த பாட்டன் பாட்டியையும் அங்கே கண்டோம்: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது. (வயதை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம், பலருக்கு அது குத்துமதிப்புதான்!)

திருப்போரூர்க்காரர்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தேட வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் 2019-இல்தான் உருவானது. 2008 மறுவரையறையில் தொகுதி எல்லைகளும் மாறின.

மணமான பெண்ணுக்குக் கணவர் பெயரே இருப்பதால் தாய்வழி அங்கே அறுந்துவிடுகிறது. அதற்குப் பங்கின் திருமுழுக்குப் பதிவேடே துணை. தாய் தந்தையரோடு ஞானப்பெற்றோர் பெயரும் அதில் உண்டு. பங்குத்தந்தையிடம் நேரில் கேட்டுப் பாருங்கள்.