ஊருக்குத் திரும்பலாமா?

தாராவியில் திருநெல்வேலித் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். தோல் பதனிடும் வேலைக்காக அந்தக் காலத்திலேயே பலர் வந்தார்கள். 2020இல் கொரோனா வந்தது. வேலை நின்றது. பலர் ஊருக்குப் போனார்கள். பிறகு பலர் திரும்பி வந்தார்கள்.

ஏன்? ஊரில் இடம் உண்டு. நல்ல காற்று உண்டு. ஆனால் மழை பொய்த்தால் வயலில் வேலை இல்லை.

ஊருக்குப் போக நினைக்கிறீர்களா? முதலில் ஒருவர் மட்டும் போய்ப் பாருங்கள். வேலை, தண்ணீர், பள்ளி, ஆஸ்பத்திரி பற்றி விசாரியுங்கள்.

தாராவி வீட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பே இருந்த தரைத்தள வீடா? சீரமைப்புத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பழைய ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

யாராவது காகிதம் நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே! படித்துப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.