நெல்லிக்கனி பாரசீகம் சென்ற கதை



நெல்லிக்கனி என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் ஔவையாரும் அதியமானும் ஆவர். எட்டாத மலைப்பிளவில் கிடைத்த கனியின் பெருமையைத் தன் மனத்துள்ளேயே அடக்கிக்கொண்டு, அதைத் தான் உண்ணாமல் புலவருக்கு ஈந்தான் அம்மன்னன். புறநானூற்றின் 91ஆம் பாடலில் ஔவையாரே இதனைப் பாடியிருக்கின்றார். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், “அந்தக் கனியை வேறு நாட்டார் யாரும் உண்டதில்லையா, ஐயா?” என்று வகுப்பில் கேட்டான். அவனுக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகின்றேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். லயத்து வீடுகளின் பின்புறத்தில் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் அரிநெல்லியை நீங்கள் அறிவீர்கள். மலாய்க்காரர்கள் ‘செர்மாய்’ என்பர். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அதைத் தின்னாத பிள்ளை நம் பள்ளியில் இல்லை. அதுவும் நெல்லியின் உறவுதான். ஆயினும் நாம் பேசப்போவது உருண்டையாய், பளிங்குபோல் வரிகளோடு இருக்கும் பெருநெல்லியைப் பற்றியாகும். கடித்தால் முதலில் புளிக்கும், துவர்க்கும். பிறகு தண்ணீர் குடித்தால் இனிக்கும். இம்மரம் நமக்கு அயலானதன்று. மலாய் மொழியில் இதன் பெயர் ‘போக்கோக் மலாக்கா’. மன்னர் பரமேசுவரா ஒரு மரத்தடியில் இளைப்பாறினார் என்றும், அம்மரத்தின் பெயரையே புதிய நகருக்கு இட்டார் என்றும் வழங்கும் வரலாற்றைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அந்த மரம் நெல்லிமரமேயாகும்! சிரம்பானுக்குத் தெற்கே உள்ள ஒரு மாநிலம் முழுவதும் நெல்லியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி மேற்கே செல்வோம். இன்று ஈரான் எனப்படும் நாடே பழைய பாரசீகம். அங்கே 531 முதல் 579 வரை குஸ்ரு அனூஷிர்வான் என்ற பேரரசர் ஆண்டார். அவருடைய அரசவை மருத்துவர் புர்சோய் என்பவர், இறந்தாரை எழுப்பும் மூலிகை இந்தியாவில் உண்டு எனக் கேள்விப்பட்டு அதனைத் தேடிப் புறப்பட்டாராம். மலைமலையாக அலைந்தும் மூலிகை அகப்படவில்லை. அறிஞர் எழுதிய நூலே அந்த மூலிகை, அறியாமையில் கிடப்பவனே இறந்தவன் என ஒரு முதியவர் சொல்ல, அவர் பஞ்சதந்திரத்தைக் கொண்டு திரும்பினார் என்று பிர்தௌசி என்னும் பெருங்கவிஞர் தம் ‘ஷாநாமா’வில் பாடியிருக்கின்றார். மூலிகைக் கதை கற்பனையாக இருக்கலாம். பஞ்சதந்திரம் பாரசீகம் சென்றது உண்மை; நம் மருந்துகள் அங்கே சென்றதும் உண்மை. 850ஆம் ஆண்டில் அலீ இப்னு சஹ்ல் அத்தபரீ என்ற பாரசீக மருத்துவர் தாம் எழுதி முடித்த நூலின் இறுதிப் பகுதியை இந்திய மருத்துவத்துக்கென்றே ஒதுக்கினார்.

இதற்குச் சொற்களே சான்று கூறும். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் ஆகிய மூன்றும் சேர்ந்த மருந்தை நாம் திரிபலா என்கிறோம். பாரசீகர்கள் இம்மூன்றையும் முறையே ஹலீலா, பலீலா, ஆம்லா என்றார்கள். திரிபலா என்ற சொல் அவர்கள் நாவில் ‘இத்ரிஃபல்’ ஆயிற்று. பொடியை வாதுமை எண்ணெயில் அல்லது நெய்யில் பிசறி, தேனில் குழைத்து வைப்பது அவர்கள் வழக்கம். யுனானி வைத்தியர்களான ஹக்கீம்கள் இன்றும் அப்பெயரிலேயே அதனைத் தருகின்றனர். நெல்லிக்காயை ஊசியால் குத்திச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தால் அது ‘முரப்பா’. ஆம், பசாரில் நாம் வாங்கும் இஞ்சி முரப்பாவின் அதே முரப்பாதான்! இதயத்துக்கும் மூளைக்கும் நெல்லி முரப்பா வலிமை தரும் என்பது ஹக்கீம்களின் கொள்கை.

பாரசீகரின் அடுக்களையில் புளிப்புக்கு எப்போதும் சிறப்பிடம் உண்டு. நமக்குப் புளி எப்படியோ, அவர்களுக்கு மாதுளம்பழச் சாறும், வெயிலில் காய்ந்த எலுமிச்சையும், ‘சரிஷ்க்’ என்ற சிறு செந்நிறப் பழமும் அப்படி. சரிஷ்க் முட்செடியில் காய்ப்பது. அதனை உலர்த்தி வைத்து, குங்குமப்பூ இட்ட சோற்றின்மேல் தூவிக் கோழிக்கறியுடன் உண்பர். புளிப்புப் பழங்கள் பெரும்பாலும் உடலுக்குக் குளிர்ச்சி என்பதும் அவர்கள் நம்பிக்கை. உணவைச் சூடு, குளிர்ச்சி எனப் பிரித்துப் பேசும் நம் பாட்டிமார் அங்கே போனால் மொழி தெரியாமலேயே சமையல் பேசுவார்கள் போலும்!

இக்கால அறிவியல் என்ன கூறுகின்றது? நெல்லியில் வைட்டமின் சி மிகுதி. 100 கிராம் ஆரஞ்சில் அது சுமார் 50 மில்லிகிராம். நெல்லியில் வகைக்கும் விளைநிலத்துக்கும் ஏற்பச் சில நூறு மில்லிகிராம் இருக்கும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்கு இந்த வைட்டமின் துணைபுரிகின்றது. உணவோடு குடிக்கும் தேநீரோ அதனைத் தடுக்கின்றது. இரத்தச் சோகையுள்ள பிள்ளைகளின் பெற்றோர், சோற்றோடு தேநீர் கொடுப்பதை நிறுத்திச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தல் நலம். நெல்லி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். கொய்யாவிலும் வைட்டமின் சி ஏராளம். அது நம் வேலியோரத்தில் சும்மா காய்த்துக் கிடக்கின்றது.

இனிக் கூறப்போவதைப் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தியின் தந்தை, நீரிழிவுக்காரர், வீடுதேடி வந்த ஒருவரிடம் நெல்லிச்சாறு என்று சொல்லி விற்கப்பட்ட புட்டிகளை வாங்கினார். விலை ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. “இதைக் குடித்தால் மாத்திரை வேண்டாம்” என்றாராம் விற்றவர். மாத்திரையை நிறுத்திய இரண்டே மாதத்தில் காற்புண் முற்றி மருத்துவமனையில் படுத்தார். இரு விரல்களை எடுக்க நேர்ந்தது. அவர் மகள் அந்தத் தவணையில் பாதி நாள் பள்ளிக்கு வரவில்லை. நெல்லியின்மேல் குற்றமில்லை. நெல்லி உணவு, மாத்திரைக்கு மாற்றன்று. நீரிழிவுக்காரருக்கு முரப்பாவும் ஆகாது, அது சர்க்கரையில் மிதப்பது. திரிபலாவில் உள்ள கடுக்காய் வயிற்றைக் கழியச் செய்யும். ஆதலால் சிறுபிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் கூடாது.

வீட்டில் எளிதாகச் செய்யத்தக்கது நெல்லிக்காய்த் தயிர்ப்பச்சடி. நான்கு பெருநெல்லிக்காய்களைக் கொட்டை நீக்கித் துருவிக்கொள்ளுங்கள். ஒரு பிடி தேங்காய்த்துருவல், ஒரு பச்சைமிளகாய், சிறிது உப்பு சேர்த்து அரைத்து, ஒரு குவளைத் தயிரில் கலக்குங்கள். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை. வேகவைத்தால் வைட்டமின் சி குறைந்துவிடும். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளிப்பு பட்டால் களிம்பேறும். ஆகவே பீங்கான் அல்லது எவர்சில்வர் கிண்ணத்தில் கலந்து, அன்றே உண்டு முடித்துவிடுங்கள்.