காலடியில் கோடு போட்ட ‘எல்’

சீர்காழி ரயில் நிலையத்தின் குறியீடு எஸ், ஒய் என்ற இரண்டு எழுத்துகள். வெள்ளைக்காரர் காலத்தில் அவ்வூரை ‘ஷியாலி’ என்று எழுதியதன் மிச்சம் அது. பலகையில் பெயர் திருந்தியும் குறியீடு மாறவில்லை. ரயிலே இல்லாத இந்தத் தீவில் வந்து குடியேறிய பிறகும், பழைய ரயில்வேக்காரனான எனக்குப் பலகை நினைப்பு போகவில்லை, அன்பர்களே!

ஆங்கில எழுத்தில் நம் ழகரம் பட்ட பாடு கொஞ்சமல்ல. சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் ‘கோரமண்டல்’ ஆனபோது ழகரம் ‘ஆர்’ ஆயிற்று. சோழன் எக்ஸ்பிரஸில் அதுவே ‘எல்’. சீர்காழியில் இப்போது ‘இசட்-எச்’. ஓர் ஒலிக்கு மூன்று வேஷம்!

இத்தனைக்கும் அதற்கென்று ஒரு லத்தீன் எழுத்து இருக்கிறது. ‘எல்’ போட்டு அதன் காலடியில் சிறு கோடு இழுத்தால் ழகரம். கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்தால் ளகரம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இம்முறையில்தான் அச்சாயிற்று. 2001-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 15919 என்ற சர்வதேசத் தரமும் இதையே வைத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பிட்ஜன்ஜாரா மொழியிலும் இதே கோடு போட்ட ‘எல்’ உண்டு. அங்கே அதன் ஒலி நம் ளகரத்துக்கு நெருக்கம்.

ஆனால் தட்டச்சுப் பொறியில் அதற்கு விசை கிடையாது, தந்தியிலும் இடமில்லை. ஆகவே அது அகராதிக்குள்ளேயே தங்கிவிட்டது. 1993-இல் யூனிகோட் அதற்கு இடம் கொடுத்தும், விண்ணப்பப் படிவங்கள் 26 எழுத்தைத் தாண்டவில்லை. தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணையிட்டு, சில நாட்களில் திரும்பப் பெற்றது. எழும்பூருக்கு அதிலும் இசட்-எச்தான்.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் இது வெறும் அகராதிச் சங்கதி அல்ல. மேசைக்கு அந்தப் பக்கம் வங்காளியோ இந்திக்காரரோ இருப்பார். இசட்-எச்சைப் பார்த்தால் எழிலனை ‘எஜிலன்’ என்பார். காதில் கேட்டு எழுதினாலோ ‘எலிலன்’. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றால் பாஸ்போர்ட் வேளையில் இருவரும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி வரும். பிரமாணப் பத்திரத்துக்கு அலைய வேண்டும்.

பிள்ளைக்கு யாழினி, எழில், குழலி என்று அழகாகப் பெயர் வைக்கும் இளம் பெற்றோர், பிறப்புச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கும்போதே எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்; வாயால் சொல்லாதீர்கள். ‘எல்’லா, ‘இசட்-எச்’சா என்றால் என் ஓட்டு இசட்-எச்சுக்கே. ‘எல்’ போட்டால் நம் பிள்ளைகளே அதைப் படித்து ‘யாலினி’ என்கிறார்கள்.